ஒரு வரிக்குள் அடங்காத வாழ்க்கை



சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில், எங்கள் மக்தபில் ஒரு மாணவனின் மனத்தை நான் புண்படுத்திவிட்டேன். அதை அறிக்கையிடவும், அதன் வழியாக அல்லாஹ் எனக்குக் கற்றுத்தந்த ஒன்றைப் பகிர்ந்துகொள்ளவும் இதை எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாக வருபவர்களுக்கு, மேற்கு மலைகள் கண்ணுக்கெதிரே எழுந்து நிற்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் எழுமலை. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. இங்கே மஃரிப் தொழுகைக்குப் பின் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பது என் பொறுப்பு. அன்று யாருக்கும் பாடத்தில் மனம் செல்லவில்லை. நானும் கிதாபை மூடிவைத்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் "உன் இலட்சியம் என்ன?" என்று கேட்கத் தொடங்கினேன். ஒருவன் மருத்துவர் என்றான். ஒருவன் ஆலிம் ஆவேன் என்றான். இன்னொருவன் துபாய்க்குப் போய் அத்தாவை ஊருக்கு அனுப்பிவைப்பேன் என்றான். கடைசி வரிசையில் இருந்தவன் மட்டும் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "தெரியலை ஹஜ்ரத். எனக்கு எல்லாமே பிடிச்சிருக்கு."

அவனை எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தால் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து சரிசெய்பவன் அவன்தான். ரமளானில் அவனுடைய கிராஅத்தைக் கேட்கப் பெரியவர்களும் வந்து அமர்வார்கள். விடுமுறை நாட்களில் மாமாவின் பட்டறையில் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுவான். வுளூ செய்த தண்ணீர் தெருவில் ஓடி வீணாவதைப் பார்த்து, சிறு வாய்க்கால் வெட்டி, முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டவனும் அவனே. இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் சொன்னேன்: "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். நீ இப்படியே இருந்தால் எதற்கும் உதவ மாட்டாய்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மறுநாள் அவன் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அந்தப் பழமொழி ஏன் அவ்வளவு விரைவாக என் நாவில் வந்தது என்று எண்ணிப் பார்த்தேன். விடை எளிதாகவே கிடைத்தது. இருபது ஆண்டுகளாக நான் எனக்கே சொல்லிக்கொண்டு வந்த பழமொழி அது.

அரபிக் கல்லூரியில் ஏழாண்டுப் படிப்பின் நடுவில், அத்தா நோயில் விழுந்ததால் ஊர் திரும்பியவன் நான். ஆலிம் ஸனது பெறவில்லை. பின்னர் அஞ்சல் வழியில் இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் முடித்தேன். காலையில் சுப்ஹுக்குப் பின் சிறு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறேன். பத்து மணிக்குத் தையல் எந்திரத்தின் முன் அமர்கிறேன். புரட்டாசி மழை பெய்தால் ஒரு குறுக்கத்தில் குதிரைவாலி விதைக்கிறேன். யாராவது மவுத்தானால் குளிப்பாட்டிக் கஃபனிட அழைக்கப்படுகிறேன். முதியோர் உதவித்தொகைக்கும் பட்டா மாறுதலுக்கும் மனு எழுதித் தருகிறேன். ஊர் என்னை ஹஜ்ரத் என்று அழைக்கும்போதெல்லாம் உள்ளுக்குள் கூசும். முழு ஆலிமும் இல்லை, முழுத் தையல்காரரும் இல்லை, முழு விவசாயியும் இல்லை. எதிலும் அரைகுறை என்பதே என்னைப் பற்றி நான் வைத்திருந்த மதிப்பீடு. அந்தப் பையனின் முகத்தில் நான் கண்டது என்னைத்தான். அதனால்தான் அவ்வளவு கடுமையாகப் பேசினேன்.

இந்தக் கூச்சத்துக்கு இன்னும் பழைய வேர் ஒன்று உண்டு. நான் ஒன்பதாம் வகுப்பில் சேரும்போது தந்த விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நேராக ஒரே ஒரு கோடு. என் அத்தா பள்ளிவாசலில் மோதினாராக இருந்தார். திருமணங்களுக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விடுவார். மழைக்காலத்தில் குடை பழுதுபார்ப்பார். மானாவாரி நிலத்தில் உழுவார். ரமளான் முழுவதும் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார். கபுர் தோண்டுவார். "என்ன எழுதட்டும் அத்தா?" என்று கேட்டேன். விளக்கின் மேண்டிலைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "எது வேணுமோ எழுதிக்கப்பா" என்றார். ஒரு கோட்டுக்குள் எதை எழுதுவது என்று தெரியாமல், 'கூலி' என்று எழுதிக்கொடுத்தேன். பல ஆண்டுகள் நான் அவரை அந்த ஒற்றைச் சொல்லாகவே எண்ணியிருந்தேன் என்பதை இன்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அத்தா மவுத்தான அன்று வீட்டு வாசலில் கூட்டம். நம்மவர்களை விடப் பிற சமயச் சகோதரர்களே மிகுதி. ஒரு முதியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கல்யாணத்துல விடிய விடிய வெளக்கு அணையாமப் பார்த்துக்கிட்டவருப்பா" என்றார். ஒரு பெண்மணி, பஞ்ச காலத்தில் அவர் தந்த ஒரு மரக்கால் விதையைச் சொல்லி அழுதார். ஒருவர் தன் மகனின் கபுரை அத்தா நட்டநடு இரவில் தனியாகத் தோண்டியதைச் சொன்னார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது. ஒருவர்கூட அவரைக் கூலி என்று சொல்லவில்லை. அன்று இதைக் கேட்டேன். ஆனால் அதன் பொருளை அன்று உணரவில்லை.

உணர்ந்தது, மேற்சொன்ன உறக்கமில்லா இரவின் மறுநாள் காலையில். சிறு பிள்ளைகளின் வகுப்பில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி 'அலம் நஷ்ரஹ்' ஸூராவை ஒப்புவித்துக்கொண்டிருந்தாள். எட்டே வசனங்கள் கொண்ட மக்கீ ஸூரா. ஏழாம் வசனத்தில் அவள் தடுமாறவே, நான் எடுத்துக்கொடுத்தேன். எடுத்துக்கொடுத்த பின்தான் அதன் பொருள் என்னைத் தொட்டது. ஒரு வேலையிலிருந்து ஓய்ந்ததும் அடுத்ததற்காகப் பாடுபட எழுந்து நிற்குமாறு அல்லாஹ் தன் தூதருக்குக் கட்டளையிடுகிறான். ஃபர்ளை முடித்ததும் நஃபிலுக்கும் துஆவுக்கும் எழுவது என்று சில விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். உலக அலுவல்கள் முடிந்ததும் வணக்கத்துக்கு எழுவது என்று வேறு சிலர் கூறுகின்றனர். எப்படிக் கொண்டாலும், ஒன்றை முடித்து இன்னொன்றுக்கு நகர்வது அங்கே குறையாகப் பேசப்படவில்லை. அது கட்டளையாகவே வருகிறது. எத்தனை ஆண்டுகளாக எத்தனை பிள்ளைகளுக்கு இந்த ஸூராவை ஓதிக்கொடுத்திருக்கிறேன்! என் காதுக்கு அது அன்றுதான் எட்டியது.

பிறகு அபூபக்ர் (ரலி) அவர்களைப் பற்றிய இரண்டு ஹதீஸ்கள் அடுத்தடுத்து நினைவுக்கு வந்தன. முதலாவது முஸ்லிமில் இடம்பெறுவது. ஒரு நாள் நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம், இன்று நோன்பு நோற்றிருப்பவர் யார், ஜனாஸாவைப் பின்தொடர்ந்தவர் யார், ஏழைக்கு உணவளித்தவர் யார், நோயாளியை நலம் விசாரித்தவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நான்கு கேள்விகளுக்கும் அபூபக்ர் (ரலி) அவர்களே 'நான்' என்றார்கள். இவை ஒருவரிடம் ஒன்றுசேர்ந்தால் அவர் சொர்க்கம் நுழைவார் என்பது நபிகளாரின் நற்செய்தி. துணி வணிகராகவும் இருந்த ஒரு மனிதர், ஒரே நாளில் நான்கு வெவ்வேறு செயல்களைச் செய்திருந்தார்.

இரண்டாவது, புகாரியிலும் முஸ்லிமிலும் வருவது. தொழுகையாளிகள் தொழுகையின் வாசலிலிருந்தும், நோன்பாளிகள் ரய்யான் என்னும் வாசலிலிருந்தும், தர்மம் செய்தோர் தர்மத்தின் வாசலிலிருந்தும், அறப்போர் புரிந்தோர் அதற்குரிய வாசலிலிருந்தும் அழைக்கப்படுவார்கள் என்று நபியவர்கள் கூறினார்கள். எல்லா வாசல்களிலிருந்தும் அழைக்கப்படுபவர் எவரேனும் உண்டா என்று அபூபக்ர் (ரலி) கேட்டார்கள். உண்டு, அவர்களில் நீரும் ஒருவராக இருப்பீர் என நம்புகிறேன் என்பது நபியவர்களின் பதில். என் அத்தாவை ஸித்தீக் அவர்களோடு ஒப்பிட நான் துணிய மாட்டேன். ஆயினும் அவருடைய ஜனாஸா அன்று எங்கள் வீட்டுக்கு மக்கள் எத்தனை வாசல்கள் வழியாக வந்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

நம் தமிழ் பேசும் சமுதாயத்தின் வரலாற்றிலும் இதற்கு அருமையான சான்று உண்டு. பட்டயப் படிப்பில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு எங்களுக்கு ஒரு பாடம். தொடக்கக்கால நாவல்கள் பற்றிய பகுதியில் ஒரு சித்தி லெப்பை வந்தார். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1885-இல், 'அஸன்பேயுடைய கதை'யை வெளியிட்ட இலங்கையர் இவர். இதழ்களைப் பற்றிய பகுதியில், 1882-இல் 'முஸ்லிம் நேசன்' வார இதழைத் தொடங்கிய ஒரு சித்தி லெப்பை வந்தார். கல்வி பற்றிய பகுதியில், கொழும்பு ஸாஹிராக் கல்லூரி 1892-இல் தோன்றுவதற்கு வித்திட்டவர்களுள் ஒருவராக மீண்டும் அப்பெயர். கண்டியில் வழக்குரைஞராகவும் நீதிபதியாகவும் விளங்கியவர் என்றும், மெய்ஞ்ஞானம் குறித்து 'அஸ்றாருல் ஆலம்' எழுதியவர் என்றும் வேறோரிடத்தில் இருந்தது. தேர்வுக்குப் படித்த நாட்களில் இவர்கள் வெவ்வேறு மனிதர்கள் என்றே நினைத்திருந்தேன். எல்லாம் ஒரே மனிதர், 1838-இல் கண்டியில் பிறந்து 1898-இல் மறைந்த முகம்மது காசிம் சித்தி லெப்பை என்று பின்னர் அறிந்தபோது வியந்தேன்.

அவருடைய வாழ்வை இப்போது மீண்டும் எண்ணிப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. தம் இலட்சியம் எது என்று கண்டுபிடிக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. முஸ்லிம் பிள்ளைகள் நவீனக் கல்வியில் பின்தங்கியிருந்தார்கள். மிஷனரிப் பள்ளிகளுக்கு அனுப்பினால் மார்க்கம் போய்விடுமோ என்று பெற்றோர் அஞ்சினார்கள். ஆகவே மார்க்கமும் உலகக் கல்வியும் சேர்ந்த பள்ளிக்கூடம் தேவைப்பட்டது. பள்ளிக்கூடம் நிலைக்க மக்களின் மனம் மாற வேண்டும், அதற்கு ஓர் இதழ் தேவைப்பட்டது. பிரிட்டிஷாரால் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட ஒறாபி பாஷா 1883-இல் இலங்கைக்கு வந்தபோது, அவருடைய ஆதரவும் இக்கல்வி முயற்சிக்குக் கிடைத்தது. ஒவ்வொரு வேலையும் அடுத்த வேலையின் கதவைத் திறந்துவிட்டது. 'சமுதாய முன்னேற்றம் என்பதே அவருடைய ஒரே இலட்சியம்' என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் அது அவருடைய நிய்யத். கைகள் செய்த வேலைகளோ பல. நிய்யத் ஒன்றாக இருக்குமானால், வேலைகள் பலவாக இருப்பதால் ஒரு மனிதன் சிதறிப்போவதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஒவ்வொருவரும் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அது அவருக்கு எளிதாக்கப்படும் என்று ஹதீஸ் இருக்கிறதே? இருக்கிறது. நானே இதை வகுப்பில் பலமுறை சொல்லி, 'நீ எதற்காகப் படைக்கப்பட்டாய் என்று முதலில் கண்டுபிடி' என்று பிள்ளைகளை விரட்டியிருக்கிறேன். அந்த ஹதீஸை முழுமையாக வாசித்தால் என் பிழை தெரியும். விதி எழுதப்பட்டுவிட்டதெனில் செயலை விட்டுவிட்டு அதையே நம்பி இருந்துவிடலாமா என்று தோழர்கள் கேட்டபோது வந்த பதில் அது. அதன் முதற்சொல்லே செயலாற்றுங்கள் என்பதுதான். எளிதாக்கப்படும் என்பது அதன் பின்னர் வருகிறது. உட்கார்ந்து கண்டுபிடித்த பிறகு செயலில் இறங்குமாறு அங்கே சொல்லப்படவில்லை.

எல்லா வாசலும் எல்லாருக்கும் திறக்கும் என்றும் நான் சொல்லவில்லை. அப்துல்லாஹ் அல்-உமரீ என்ற வணக்கசாலி, தனித்திருந்து வணக்கத்தில் ஈடுபடுமாறு இமாம் மாலிக் (ரஹ்) அவர்களுக்குக் கடிதம் எழுதினார். அல்லாஹ் வாழ்வாதாரத்தைப் பங்கிட்டதுபோலவே நற்செயல்களையும் பங்கிட்டிருக்கிறான் என்றும், ஒருவருக்குத் தொழுகையில் வாசல் திறக்கும், நோன்பில் திறக்காமல் போகலாம் என்றும், தமக்குக் கல்வியில் திறந்ததைக் கொண்டு தாம் பொருந்திக்கொண்டதாகவும் இமாம் பதில் எழுதினார்கள். ஒரே வாசலில் ஆயுள் முழுதும் நிற்பவரும் பாக்கியவானே. அவரைக் காட்டிப் பல வாசல்களில் நிற்பவரை இகழ்வதுதான் தவறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல வேலைகளைச் செய்வது வேறு, எதையும் முடிக்காமல் தாவுவது வேறு. 'அலம் நஷ்ரஹ்' வசனத்தில் ஓய்ந்த பின் என்ற நிபந்தனை இருக்கிறது. அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான செயல், குறைவாக இருப்பினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்ற ஹதீஸும் இருக்கிறது. என் அத்தா வாடகைக்கு விட்ட விளக்கு நடு இரவில் அணைந்ததில்லை. பெட்ரோமாக்ஸின் காலம் முடிந்த பிறகுதான் அவர் விளக்கை விட்டார். முடியாத இரவில் விடவில்லை. பழமொழியில் வரும் தச்சன் பல மரங்களைப் பார்த்ததோடு நின்றுவிட்டவன். என் மாணவனோ பார்த்த மரத்தையெல்லாம் வெட்டி வேலை முடித்தவன். பழமொழி பிழையில்லை. அதைச் சொன்ன இடந்தான் பிழை.

அன்று அஸருக்குப் பின் அவனைத் தேடிப் பட்டறைக்குப் போனேன். பிரித்துப்போட்ட மோட்டார் ஒன்றின் முன் அமர்ந்து செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கண்களால் ஸலாம் சொல்லி, இடக்கையைச் சற்று உயர்த்தி, காத்திருக்கும்படி சைகை செய்தான். உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. நான் ஒரு ஓரமாக நின்றேன். எண்ணி முடித்து, கம்பியின் முனையை முறுக்கிக் கட்டிய பிறகே எழுந்து வந்தான். "மன்னிச்சிருங்க ஹஜ்ரத். நடுவுல விட்டா எண்ணிக்கை தப்பிரும். தப்பினா மோட்டார் எரிஞ்சிரும்" என்றான். முடித்த பின் எழுவது என்பதை அவனுக்கு நான் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

"நான்தான் தம்பி உன்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தேன்" என்றேன். அவன் தலைகுனிந்து, "பரவாயில்லை ஹஜ்ரத். எல்லாரும் சொல்றதுதானே" என்றான். நான் சொன்ன பழமொழியைவிட அந்தச் சொல் என்னை அதிகம் சுட்டது.

பட்டறை மேசையில் ஐடிஐ விண்ணப்பம் ஒன்று கிடந்தது. அதில் தொழிற்பிரிவுக்கு நேரே இடம் வெறுமையாக இருந்தது. "ஒண்ணைத்தான் மொதல்ல எழுதணும் ஹஜ்ரத். அதான் யோசிக்கிறேன். ஓதுறதையும் விட மனசில்ல" என்றான்.

"எழுது தம்பி. அது இரண்டு வருஷத்துக்கு உன் கையில் இருக்கும் வேலை. ஆயுசுக்கும் உன் பெயர் அதுவல்ல. எதை எழுதினாலும் அதை முடித்துவிடு. ஓதுவதற்கு மஃரிப் இருக்கிறது, நான் இருக்கிறேன்."

எலக்ட்ரீஷியன் பிரிவை எழுதினான். மறுநாள் மஃரிபுக்கு வந்தான். அவனைப் புண்படுத்திய அதே பிள்ளைகளின் முன்னிலையில் நான் என் தவற்றைச் சொன்னேன். சபையில் புண்படுத்தியதைத் தனியறையில் சரிசெய்ய முடியாது. இன்று அவன் பயிற்சி நிலையத்தில் படிக்கிறான், மாலையில் ஜுஸ்உ அம்மாவை மனனம் செய்கிறான், முருங்கைக்கு இன்னும் தண்ணீர் பாய்கிறது.

பெற்றோர்களே, பிள்ளைகளிடம் இலட்சியத்தைக் கேட்பதை நான் இப்போது நிறுத்திவிட்டேன். இந்த வாரம் எதைத் தொடங்கினாய், எதை முடித்தாய், அதனால் யாருக்குப் பயன் கிடைத்தது என்று கேட்கிறேன். இதற்குப் பதில் சொல்லத் தெரியாத பிள்ளையை இதுவரை நான் பார்க்கவில்லை. ஒரே துறையில் உள்ளம் ஊன்றிய பிள்ளைக்கு அதில் உதவுங்கள். பலவற்றை நேசிக்கும் பிள்ளையைக் குறையுள்ளதாக எண்ணாதீர்கள். முடிக்கும் பழக்கத்தையும் தூய நிய்யத்தையும் அதற்குக் கொடுங்கள்.

இவ்வாண்டு என் மகளின் பள்ளி விண்ணப்பம் வீட்டுக்கு வந்தது. அதே வரி, அதே ஒற்றைக் கோடு. "என்ன எழுதட்டும் அத்தா?" என்று கேட்டாள். தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து நிமிராமலே, "எது வேணுமோ எழுதிக்கம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று உறைத்தது. அவள் பொடி எழுத்தில் 'மதரஸா ஆசிரியர், தையல், விவசாயம்' என்று எழுதிக்கொண்டே போனாள். கடைசிச் சொல் கோட்டைத் தாண்டி ஓரத்தில் ஏறி நின்றது.

யா அல்லாஹ்! எங்கள் கையில் நீ தந்திருக்கும் வேலைகளை அழகுற முடிக்கவும், முடித்த பின் அடுத்ததற்கு எழவும் எங்களுக்கு வலிமை தருவாயாக. எங்கள் பெற்றோரை நீ விரும்பும் வாசல்கள் அனைத்திலிருந்தும் அழைப்பாயாக. ஆமீன்.